பனியில் நான் அழித்த சிவப்பு

போன மாதம் ஷ்ரேயா தொலைபேசியில் அழைத்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் கல்கத்தாவின் நியூ டவுனில் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கட்டிவைக்கும் பொறுப்பு அவளுடையது. வங்காள வழக்கப்படி என்னைக் 'கோமதி-தி', அதாவது கோமதி அக்கா, என்பாள்.

"கோமதி-தி, ஒரு ஃபைலுக்குள்ள கவர் ஒண்ணு இருக்கு. உள்ள ஒரு துண்டு ப்ளாட்டிங் பேப்பர். நடுவுல லேசா ரோஸ் கலர். கவர் மேல உங்க கையெழுத்துல 'இதைத் தூக்கிப் போடக் கூடாது'ன்னு எழுதியிருக்கு. என்ன பண்ணட்டும்?"

"தூக்கிப் போடாதே" என்றேன்.

"சரி, ஆனா ஏன்னு ஒரு குறிப்பு வேணுமே."

அவள் கேட்ட குறிப்பை வங்காளத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு முழுவதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. தமிழில்தான் எழுத வந்தது. அந்தத் துண்டால் நான் ஒற்றியெடுத்த படத்தின் சொந்தக்காரரோடு நான் பேசியதெல்லாம் தமிழில் என்பது காரணமாக இருக்கலாம்.

என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அம்பாசமுத்திரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, வங்காளிப் பிள்ளைகளோடு படித்து, ரசாயனத்தில் பட்டம் வாங்கினேன். பழைய காகிதங்களையும் படங்களையும் செப்பனிடும் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தேன். வெளியூரில் ஒரு வருஷப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே மாவுப் பசை காய்ச்சவும், காகிதத்தின் இழை பார்க்கவும், எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்று சொல்லவும் கற்றேன். மீதியெல்லாம் ஹிரண்மய் பாபுவிடம் கற்றதுதான்.

ஹிரண்மய் பாபு எங்கள் கூடத்தின் தலைவர். ஒல்லியான, உயரமான மனிதர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேஜை இழுப்பறையில் வைப்பார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக் கை கழுவுவார். துடைத்த பிறகும் இரண்டு நிமிஷம் கையைக் காற்றில் வைத்துக்கொண்டு நிற்பார். ஈரம் முழுக்கப் போக வேண்டும். அதுவரை யாரும் அவரிடம் பேச மாட்டோம். வேலை அறைக்குள் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும். மே மாதத்தில்கூட மின்விசிறி ஓடாது. தேநீர் குடிக்க வேண்டுமானால் வெளியே மரத்தடிக்குப் போய், மண் குவளையில் வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடி கை கழுவிவிட்டு வரவேண்டும். எங்கள் எல்லோரையும், நேற்றுச் சேர்ந்த பெண்ணையும், 'ஆப்னி' என்றுதான் அழைப்பார். தமிழில் 'நீங்கள்' என்பதுபோல. 'துமி' என்ற நெருக்கமான சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஒரு வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்ப்பார். அதைப் பார்க்க நாங்கள் ஏங்கிக் கிடந்த காலம் அது.

ஒரு படம் வந்தால் முதல் மூன்று நாள் அதைத் தொடக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. மரச்சட்டம் ஒன்று வைத்திருந்தார். குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்த சட்டம். அதைப் படத்துக்கு மேலே, படத்தில் படாமல், நாலு மரக்கட்டைகளின் மேல் நிறுத்துவார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுத வேண்டும். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் காகிதத்தின் மேடு பள்ளம் தெரியும். அதையும் எழுத வேண்டும். எழுதியதை அவர் படிப்பார்.

"'பூச்சி அரித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சியைப் பார்த்தீர்களா?"

"இல்லை. ஓட்டை இருக்கிறது."

"அப்படியானால் ஓட்டை என்று எழுதுங்கள்."

இவ்வளவுதான் அவருடைய பாடம். அதைப் புரிந்துகொண்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்து மூன்றாவது வருஷம் நகரின் தெற்கே பெஹாலா பக்கம் நல்ல மழை. வீடுகளுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். துர்கா பூஜை முடிந்ததும், நனைந்த பத்திரங்களும் புகைப்படங்களும் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்தன. ஒரு நாள் காலை அறுபதை ஒட்டிய ஒருவர் பெரிய பூத்துவாலையில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவது போலக் கொண்டுவந்தார். பதிவேட்டில் என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"கோமதியா? தமிழாம்மா நீ?"

"ஆமா சார். அம்பாசமுத்திரம் பக்கம்."

"நமக்கு விருதுநகர். சண்முகம். மாட்டு டாக்டர். இப்பதான் ரிட்டையர் ஆனேன்." துவாலையைப் பிரித்தார். "இதை உன்கிட்டயே குடுக்குறேன்மா. வேற யார் கைக்கும் போக வேண்டாம். நீ பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதி."

இரண்டு சாண் அகலமுள்ள நீர்வண்ணப் படம். பனி மூடிய ஒரு வயல். இடது பக்கம் முதுகில் சாக்குப் போர்த்திய கறுப்புக் குதிரை. வேலியோரம் மூன்று செம்மறியாடுகள் கிழங்குகளை முட்டிக்கொண்டு நிற்கின்றன. வலது பக்கம் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பசு. அது தலையைத் திருப்பிப் படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறது. இலையில்லாத ஒற்றை மரம், சாம்பல் வானம். ஆள் யாரும் இல்லை. நிதானமாக முடித்த படம் அல்ல. பென்சில் கோடுகள் அப்படியே தெரிந்தன. ஓரத்தில் பசுவின் காதை மட்டும் இரண்டு முறை வரைந்து பார்த்திருந்தார்கள். கண்ணெதிரே பார்த்துக்கொண்டே வேகமாகப் போட்ட பயிற்சிப் படம் என்பது பார்த்ததும் விளங்கியது.

"யார் வரைஞ்சது சார்?"

"ஸ்காட்லாந்துல படிக்கப் போனப்ப ஒரு பண்ணையில தங்கியிருந்தேன். அந்த வீட்டம்மா வரைஞ்சது."

எங்கள் படிவத்தில் 'உரிமையாளர் சொன்னது' என்று ஒரு பகுதி உண்டு. பத்து வரி எழுத இடம் இருக்கும். 'ஸ்காட்லாந்து, பண்ணை வீட்டு அம்மாள்' என்று ஒரு வரி எழுதினேன். அன்றைக்கு வரிசையில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். மேலே கேட்கவில்லை.

மூன்று நாள் நூல் சட்டத்தின் கீழே அந்தப் பனி வயலைப் பார்த்தேன். நான் பனி பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குளிர்காலம் கல்கத்தாக் குளிர்காலம்தான். அப்பா காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள்வார், கடைகளில் புது வெல்லம் வரும், ட்ராம் ஜன்னலில் மூட்டம் படிந்திருக்கும். படத்திலிருந்த பனியோ வண்ணமே இல்லாத இடம். வீட்டம்மா அங்கே எதையும் பூசவில்லை. வெறும் தாளை அப்படியே விட்டு, சுற்றிலும் வண்ணம் போட்டுப் பனியாக்கியிருந்தார். அதனால் ஈரம் பட்டு வந்த பழுப்புப் புள்ளிகள் அத்தனையும் பனியின் மேல்தான் விழுந்திருந்தன. ஒவ்வொன்றையும் எண்ணி எழுதினேன். நாலாவது வரிசை, ஆறாவது கட்டத்தில், பசுவின் பின்னங்காலுக்குச் சற்றுத் தள்ளி, விரல் நகம் அளவுக்கு ஒழுங்கில்லாமல் பரவிய மங்கலான திட்டு ஒன்று இருந்தது. அழுக்குக்கு அடியில் செம்பழுப்பாகத் தெரிந்தது. படத்தை மாட்டியிருந்த சட்டத்தின் ஆணி துருப்பிடித்துத் தண்ணீரோடு இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். 'செம்பழுப்புக் கறை' என்று எழுதினேன். ஹிரண்மய் பாபு வாசித்துக் கீழே கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்தோம். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான்.

வேலை தொடங்கியது. பின்னால் ஒட்டியிருந்த அட்டையை மெல்லிய தட்டைக் கத்தியால் ஏடு ஏடாக உரித்தேன். நாலு நாள் ஆயிற்று. ரப்பரைத் துருவித் தூளாக்கி, பட்டுப் போன்ற தூரிகையால் தாளின் மேல் உருட்டி அழுக்கை எடுத்தேன். ஒவ்வொரு வண்ணத்திலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, ப்ளாட்டிங் பேப்பரால் ஒற்றி, வண்ணம் ஏறுகிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். குதிரையின் கறுப்பு அசையவில்லை, வானத்தின் சாம்பலும் அசையவில்லை. அந்தச் செம்பழுப்புத் திட்டிலும் ஒரு சொட்டு வைத்தேன். ஒன்றும் ஏறவில்லை. மற்ற வண்ணங்களும் ஏறவில்லை என்பதை யோசிக்காமல், கறைதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

பழுப்புப் புள்ளிகளை எடுக்க, மிக நீர்த்த வெளுப்பான் ஒன்று உண்டு. தூரிகை நுனியால் தொட்டுவைத்து, கொஞ்சம் பொறுத்து, ஒற்றி எடுத்து, சுத்தமான தண்ணீரால் மூன்று முறை கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்கு மேல் கூடாது என்பது ஹிரண்மய் பாபுவின் கட்டளை. அவர் அந்த வாரம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஜல்பாய்குரி போயிருந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆறாவது கட்டத்துக்கு வந்தேன். ஒரு முறை வைத்தேன். திட்டு வெளிறியது. இரண்டாம் முறை இன்னும் வெளிறியது. மூன்றாம் முறை ஒற்றியபோது பனி வெள்ளையாகிவிட்டது. நிம்மதியோடு ப்ளாட்டிங் பேப்பரைத் திருப்பிப் பார்த்தேன்.

துருவாக இருந்தால் மஞ்சளாக ஏறும். ஈரக் கறையாக இருந்தால் தேநீர் நிறத்தில் ஏறும். இது ரோஜா நிறத்தில் ஏறியிருந்தது.

அது வண்ணம். யாரோ தூரிகையில் தொட்டு, வேண்டுமென்றே அங்கே வைத்த வண்ணம்.

கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றேன். ப்ளாட்டிங் பேப்பர் துண்டை ஒரு கவரில் போட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

என் வேலை நிரந்தரமாவதற்கான கடிதம் அப்போது ஹிரண்மய் பாபுவின் பரிந்துரைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவர் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் சந்தையிலிருந்து பச்சைப் பட்டாணி வாங்கிவந்து, தரையில் செய்தித்தாளை விரித்து உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலக வேலை. கோப்பு, கையெழுத்து, மேலதிகாரி எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"போட்டோ கறுப்பு வெள்ளைதான?"

"ஆமா. அதுல சாம்பலாத்தான் தெரியும்."

"ரிப்போர்ட்ல கறைன்னு எழுதியாச்சு. உங்க பாபுவும் கையெழுத்துப் போட்டாச்சு. கறையை எடுத்துட்ட. யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்த டாக்டருக்குத் தெரியும்லா?"

"அவருக்கும் ஞாபகம் இல்லாட்டி?"

நான் ஒரு காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லத்தான் போற. அப்புறம் எதுக்கு எங்கிட்ட கேக்க? வேலை போனா போகட்டும், என் சம்பளம் இருக்கு. நாளைக்குச் சாப்பிட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போய் நின்னுறாத."

திங்கட்கிழமை ஹிரண்மய் பாபு கை கழுவி, காய வைத்து, நாற்காலியில் உட்காரும்வரை காத்திருந்தேன். கவரை அவர் முன்னால் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் ப்ளாட்டிங் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கோப்பை எடுத்து என் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திறந்து பென்சில் நுனியை ஒரு வரியின் கீழே வைத்தார்.

"'கறை' என்று எழுதியிருக்கிறாய்" என்றார். "கறையைப் பார்த்தாயா, நிறத்தைப் பார்த்தாயா?"

'துமி' என்றார். மூன்று வருஷத்தில் முதல் முறை. அந்த நெருக்கத்தில்தான் எனக்கு அழுகை வந்தது.

"நிறத்தைத்தான் பார்த்தேன்."

"நிறம் என்று எழுதியிருந்தால் அடுத்து என்ன செய்திருப்பாய்?"

"ஏன் இந்த நிறம் என்று கேட்டிருப்பேன். டாக்டரிடம் கேட்டிருப்பேன்."

அவர் பென்சிலை நகர்த்திப் பக்கத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தின் மேல் வைத்தார்.

"நானும் கேட்கவில்லை. அவரை வரச்சொல். நீதான் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன்."

டாக்டர் சண்முகம் புதன்கிழமை வந்தார். வேலை முடிந்துவிட்டது, படத்தை வாங்கிப்போகலாம் என்ற எண்ணத்தில் அதே பூத்துவாலையை மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, படத்தைக் காட்டுவதற்கு முன்பே சொன்னேன்.

"சார், உங்க படத்துல ஒரு தப்புப் பண்ணிட்டேன். பசுவுக்குப் பின்னால பனியில ஒரு செவப்பு இருந்துச்சு. துருக் கறைன்னு நெனச்சு எடுத்துட்டேன். எடுத்ததுக்கு அப்புறம்தான் அது பெயின்டுன்னு தெரிஞ்சது. திரும்பக் கொண்டுவர முடியாது."

அவர் எழுந்து மேஜைக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பனி பளிச்சென்று இருந்தது. எங்கள் கூடத்தில் யார் பார்த்தாலும் நல்ல வேலை என்பார்கள். அவர் அந்த இடத்தைத் தொடப்போய், தொடாமல் விரலை இழுத்துக்கொண்டார்.

"கன்னுக்குட்டியை எடுத்துட்டியேம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஹிரண்மய் பாபுவுக்கு மொழி தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"அந்த வீட்டுல எங்கிட்ட யாரும் பேச மாட்டாங்கம்மா. கெட்டவங்க இல்ல. பேச மாட்டாங்க, அவ்வளவுதான். சாப்பாடு வெப்பாங்க, போயிருவாங்க. பண்ணைக்காரர் என்னை மாட்டைத் தொடவே விட மாட்டார். எட்ட நின்னு பாருன்னு சொல்லுவார். நான் படிச்சுப் பட்டம் வாங்கிட்டுப் போனவன். நாலு மாசம் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒரு நாள் விடியுற நேரம், அவர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். இந்த மாடு வேலியோரத்துல படுத்துட்டு முக்குது. கன்னோட ஒரு காலு வெளிய வந்திருக்கு, இன்னொரு காலு உள்ள மடங்கிக்கிட்டு நிக்குது. தொழுவத்துக்கு எழுப்ப முடியல. எழுப்புனாலும் நேரம் இல்ல."

"என்ன பண்ணுனீங்க?"

"சட்டையைக் கழட்டிட்டுப் பனியிலயே மண்டி போட்டேன். கையை உள்ள விட்டு, கன்னைப் பின்னால தள்ளி, மடங்கின காலை நிமித்தி இழுக்கணும். தோள்பட்டை வரைக்கும் உள்ள. உள்ள சூடு, வெளிய பனி. ஒரு மணி நேரம் இருக்கும். கன்னு உசுரோட விழுந்துச்சு. ஆனா குளிருல நடுங்குது. அந்தம்மா வாசலைத் திறந்துவிட்டா. நான் கன்னைத் தூக்கிக்கிட்டு அடுப்பங்கரைக்குள்ள ஓடிட்டேன். அடுப்புப் பக்கத்துல போட்டுச் சாக்கால தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். தாய்மாடு எழுந்து நின்னு, கன்னு எங்கேன்னு வீட்டைப் பாக்குது. பாரு, தலையைத் திருப்பியிருக்கு பாரு."

பசு எதைப் பார்க்கிறது என்று நான் மூன்று நாள் பார்த்தும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்தம்மா அப்ப ஜன்னல்கிட்ட உக்காந்து இதை வரைஞ்சிருக்கா. எனக்குத் தெரியாது. ஊருக்குக் கிளம்புற அன்னிக்குப் பேப்பர்ல சுத்திக் கையில குடுத்தா. அப்பவும் ஒண்ணும் பேசல. கப்பல்ல வந்து பிரிச்சுப் பாத்தேன். கன்னு இல்ல, நான் இல்ல. அந்த ரத்தம் மட்டும்தான் இருந்துச்சு. அது போதும்னு இருந்தேன்."

நான் வங்காளத்தில் ஹிரண்மய் பாபுவுக்குச் சொன்னேன். அவர் மறுபடி படத்தின் மேல் குனிந்து பார்த்துவிட்டு, "அந்த இடத்தில் மறுபடி வண்ணம் வைக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய வண்ணம். அவருக்கு வேண்டுமா என்று கேள்" என்றார்.

கேட்டேன். "ப்ளாட்டிங் பேப்பர்ல இருக்கிற நிறத்தைப் பாத்து அதே மாதிரி நான் வெக்கிறேன் சார்."

"வேண்டாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ அங்க இல்ல."

ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். இதையெல்லாம் எனக்கு எழுத வராது, நீயே எழுது என்றார். அவர் மறுபடி முதலிலிருந்து சொல்ல, நான் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டார். ப்ளாட்டிங் பேப்பர் இருந்த கவரையும் அந்தக் கோப்பிலேயே வைத்தேன். துவாலையில் படத்தை அவரே சுற்றினார். வாசல்வரை கூடவே போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

என் நிரந்தரக் கடிதம் ஆறு மாதம் தாமதமாக வந்தது. பரிந்துரையை அனுப்புவதற்கு முன்னால் ஹிரண்மய் பாபு எனக்குப் படிக்கக் கொடுத்தார். தவறு என்ன, எப்படி நடந்தது, யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று முதல் பத்தி. தானாக வந்து சொன்னாள் என்று இரண்டாம் பத்தி. இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்றாம் பத்தி. அதன் பிறகும் அவர் என்னைத் 'துமி' என்றே அழைத்தார், ஓய்வு பெற்றுப் போகும் நாள்வரை.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள், வரைபடங்கள், கல்யாணப் பத்திரிகைகள், சுதேசிக் காலத்துச் சுவரொட்டிகள். 'உரிமையாளர் சொன்னது' பகுதியை நான் அரை மணி நேரத்துக்குக் குறைந்து எழுதியதில்லை. வரிசை நீளமாக இருந்தால் பிற்பகல் வரச்சொல்வேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள், கோமதி-தி கதை கேட்க உட்கார்ந்துவிட்டாள் என்று. மரத்தடித் தேநீரும் அந்தச் சிரிப்பும் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

ஏழெட்டு வருஷம் கழித்து எங்கள் கூடத்துக்குப் புற ஊதா விளக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் படத்தின் மேல் காட்டினால் சில வண்ணங்கள் இருட்டில் தாமாக ஒளிரும். பெட்டியோடு வந்த கையேட்டில், எந்த வண்ணம் எப்படி ஒளிரும் என்று ஒரு பட்டியல். மஞ்சிட்டி வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், மிகச் சிறிதளவு இருந்தாலும் போதும் என்று போட்டிருந்தது. கவரிலிருந்த ரோஜா நிறம் அந்தச் சிவப்பாக இருக்கலாம் என்று தோன்ற, அன்றே பெஹாலாவுக்குப் பேருந்து ஏறினேன்.

டாக்டர் சண்முகம்தான் கதவைத் திறந்தார். வயதாகியிருந்தது, கைத்தடி வந்திருந்தது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. படம் வீட்டு முன்னறைச் சுவரில், தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது.

"சார், இதை ஒரு தடவை கொண்டுவர முடியுமா? ஒண்ணும் தொட மாட்டேன். ஒரு விளக்குல பாக்கணும். ஒண்ணும் தெரியாமலும் போகலாம்."

"நானும் கூட வரணும்" என்றார்.

சனிக்கிழமை மருமகனோடு டாக்ஸியில் வந்தார். மருமகன் வெளியே காத்திருந்தார். இருட்டறையில் படத்தை மேஜையில் கிடத்தி, டாக்டருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, அறை விளக்கை அணைத்தேன். ஊதா விளக்கின் பொத்தானை அழுத்தினேன்.

தாள் நீலவெள்ளையாக மெல்லத் தெரிந்தது. குதிரை இருட்டாக இருந்தது. ஆடுகள் மங்கலான மூட்டைகள். பசுவின் பின்னங்காலுக்குப் பின்னால், நான் மூன்று முறை ஒற்றி எடுத்த இடத்தில், மிக மெலிதாக, சாம்பலுக்கு அடியில் கிடக்கும் கங்கு போல ஆரஞ்சு நிறம் ஒளிர்ந்தது. நான் நினைத்திருந்ததைவிடப் பெரிய இடம். நகம் அளவு அல்ல, கட்டைவிரல் நீளம்.

"இருக்கு சார்" என்றேன். "தாளோட இழைக்குள்ள கொஞ்சம் தங்கியிருக்கு."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார்.

"இங்க ரெண்டு ஓட்டை இருக்கேம்மா. வண்ணம் படாம."

வாங்கிப் பார்த்தேன். ஒளிரும் திட்டின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய வட்டங்கள் இருட்டாக இருந்தன. நான் எடுத்ததால் வந்த இடைவெளிகள் அல்ல. ஓரங்கள் சுத்தமாக இருந்தன. தூரிகை அந்த இரண்டு இடங்களைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. சாதாரண வெளிச்சத்தில், அவ்வளவு மெல்லிய வண்ணத்தில், முப்பது நாற்பது வருஷம் பார்த்தவர் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

"தூரிகை வேணும்னே விட்ட எடம் சார் இது. வண்ணம் வெக்கும்போதே விட்டிருக்காங்க."

அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியின் மேலாகத் தன் இரண்டு முழங்கால்களிலும் கை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் மண்டி போட்ட எடம்" என்றார். "முட்டி ரெண்டும் பனியில பதிஞ்சிருந்துச்சு. எந்திரிக்கும்போது பாத்தேன். அந்தக் குழியில ரத்தம் விழல." தொடாமல், விரலால் அந்த இரண்டு வட்டங்களையும் காட்டினார். "மாட்டை மட்டும் வரைஞ்சுட்டான்னு இவ்வளவு நாளா நெனச்சேன். அவ முழு நேரமும் ஜன்னல்ல நின்னு என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காம்மா."

விளக்கை அதிக நேரம் எரியவிடக் கூடாது, படத்துக்கு நல்லதல்ல. அணைக்கக் கை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் இரும்மா" என்றார்.

நாங்கள் இருவரும் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.